கதவு மூடியிருந்தும் கத்தும் ஃபிரிட்ஜ்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் இரட்டைக் கதவு, ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை. மேலே ஃப்ரீசர், கீழே மற்றதெல்லாம். கீழ்க்கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனால் ஒரு நிமிடத்தில் பீப் அடிக்கும். அது அதன் வேலை. ஆனால் கொஞ்ச நாளாக, கதவு மூடியிருக்கும்போதே அடிக்கத் தொடங்கியது. எப்போதும் இல்லை. சில நாள் இரவு முழுக்க அமைதியாக இருக்கும். சில நாள் காலையில் பால் பாக்கெட்டை எடுத்துவிட்டு மூடியதுமே ஆரம்பித்துவிடும். மறுபடி திறந்து ஓங்கிச் சாத்தினால் நிற்கும்.

வாரண்டி முடிந்த பெட்டி. பார்க்க வந்த மெக்கானிக் கதவை நாலு தடவை திறந்து மூடினார், பின்பக்கம் எட்டிப் பார்த்தார், "மெயின் போர்டு போயிருக்கு சார், மாத்திடலாம்" என்றார். சொன்ன விலைக்குப் பழைய ஃபிரிட்ஜே ஒன்று வாங்கலாம். நான் தயங்குவதைப் பார்த்ததும் அடுத்த யோசனை வந்தது: "இல்லேன்னா பஸ்ஸர் வயரை வெட்டி விட்டுடறேன். சத்தம் வராது."

அம்மாவுக்கு இது பிடித்துவிட்டது. "அதையே பண்ணச் சொல்லுடா, காதுக்கு நிம்மதி" என்றார். எனக்குத்தான் உறுத்தியது. ஓங்கிச் சாத்தினால் நிற்கிறது, மெதுவாகச் சாத்தினால் கத்துகிறது. கெட்டுப்போன போர்டுக்கு நாம் கதவை எப்படிச் சாத்துகிறோம் என்பதா தெரியப்போகிறது? அவரை அனுப்பிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

முதல் கேள்வி, கத்துவது ஃபிரிட்ஜ்தானா என்பது. இது அசட்டுத்தனமாகத் தெரியலாம். ஆனால் இன்றைய சமையலறையில் ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர், மைக்ரோவேவ், இண்டக்‌ஷன் அடுப்பு என்று எல்லாமே ஒரே குரலில்தான் பேசுகின்றன. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்வதில் பீப் விஷயத்தில் நம் காது ரொம்பவே தடுமாறும். தாழ்ந்த ஒலி என்றால், ஒரு காதுக்கும் மறு காதுக்கும் அது வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. உயர்ந்த ஒலி என்றால், தலை மறைப்பதால் ஒரு காதில் சத்தம் குறைவதை வைத்துக் கண்டுபிடிக்கிறது. 2,000 ஹெர்ட்ஸை ஒட்டிய இடைப்பகுதியில் இரண்டு வழியும் சரியாக வேலை செய்யாது. மலிவான பஸ்ஸர்கள் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸுக்குள்தான் கூவுகின்றன. போதாக்குறைக்கு, டைல்ஸ் ஒட்டிய சுவர்கள் சத்தத்தை எல்லாப் பக்கமும் திருப்பி அடிக்கும். பழைய காலண்டர் தாளைக் குழாயாகச் சுருட்டிக் காதில் வைத்து ஒவ்வொரு பெட்டியாகப் போய்க் கேட்டேன். கத்தியது ஃபிரிட்ஜ்தான். ஸ்டெபிலைசர் இந்த விஷயத்தில் நிரபராதி.

அடுத்து, என்ன வகை பீப்? பொதுவாக ஃபிரிட்ஜ் மூன்று காரணத்துக்குக் கத்தும். கதவு திறந்திருக்கிறது, உள்ளே சூடு ஏறிவிட்டது, ஏதோ ஒரு சென்சாரோ மோட்டாரோ பழுது. மூன்றாவதில் பெரும்பாலும் டிஸ்ப்ளேயில் ஏதாவது எழுத்தோ எண்ணோ தெரியும், அல்லது விளக்கு கணக்காகச் சிமிட்டும். சூடு ஏறிய எச்சரிக்கை நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு வருவது சகஜம். குக்கரோடு சூடான சாம்பாரை உள்ளே வைத்தாலும் வரும். எங்கள் பெட்டி அடித்தது கதவைத் திறந்து வைத்தால் அடிக்கும் அதே தாளம்தான். ஆகவே கதவு.

கதவு என்றதும் முதலில் பார்க்க வேண்டியது உள்ளேயிருந்து எதுவும் தள்ளுகிறதா என்று. எங்கள் வீட்டில் வழக்கமான குற்றவாளி இட்லி மாவுப் பாத்திரம். வைக்கும்போது சரியாகத்தான் இருக்கும், ராத்திரியில் மாவு பொங்கி மூடியைத் தூக்கிக் கதவின் தட்டில் முட்டும். காய்கறி டிரேயைக் கடைசிவரை உள்ளே தள்ளாவிட்டாலும் இதே கதைதான். அன்றைக்கு மாவும் இல்லை, டிரேயும் ஒழுங்காக இருந்தது.

அப்புறம் செய்ததுதான் விஷயத்தைத் திறந்து காட்டிய சோதனை. செல்போனில் வீடியோ ரெக்கார்டிங்கைப் போட்டு, நடுத்தட்டில் சாய்த்து வைத்து, கதவை மெதுவாகச் சாத்தினேன். இரண்டு நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால், கதவு மூடிய பிறகும் உள்விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கிறது. பீப் சத்தமும் பதிவாகியிருக்கிறது. மறுபடி வைத்து, இந்த முறை ஓங்கிச் சாத்தினேன். விளக்கு உடனே அணைந்து வீடியோ இருட்டாகிவிட்டது. ஆக, பஸ்ஸர் பொய் சொல்லவில்லை. கதவு திறந்திருப்பதாக ஃபிரிட்ஜே நம்புகிறது, நம்புவதைத்தான் சொல்கிறது.

இங்கேதான் வயரை வெட்டும் யோசனை எவ்வளவு ஆபத்தானது என்று புரிந்தது. ஃப்ராஸ்ட் ஃப்ரீ பெட்டியில் குளிரூட்டும் காயில் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான், ஃப்ரீசரின் பின்சுவருக்குள் இருக்கும். அங்கே உருவாகும் குளிர்காற்றை ஒரு சின்ன ஃபேன் ஊதி, காற்றுக் குழாய் வழியாகக் கீழ்ப்பகுதிக்கு அனுப்புகிறது. கதவைத் திறந்தால் குளிர்காற்று வீணாக வெளியே கொட்டும் என்பதால், கதவு ஸ்விட்ச் ‘திறந்திருக்கிறது’ என்று சொன்னதும் இந்த ஃபேனைப் பல மாடல்களில் நிறுத்திவிடுவார்கள். எங்கள் பெட்டியும் அப்படித்தான். கதவைத் திறந்து காது கொடுத்தால் ஃபேனின் மெல்லிய இரைச்சல் அடங்குவது கேட்கிறது. அதாவது அந்த ஸ்விட்ச் தப்பாகச் சொல்லும் ஒவ்வொரு நேரமும் விளக்கு எரிகிறது, ஃபேன் நிற்கிறது, கீழ்ப்பகுதிக்குக் குளிர் போவதில்லை. எல்இடி விளக்கு பெரிதாகச் சூடாக்காது, ஆனால் ஃபேன் நிற்பது பெரிய விஷயம். பஸ்ஸரை வெட்டியிருந்தால் இதெல்லாம் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கும், நாங்கள் தயிர் ஏன் இப்படிப் புளிக்கிறது என்று பால்காரரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

சந்தேகம் தீர, ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் ஒரு ராத்திரி வைத்தேன். வெறும் காற்றில் வைத்தால் கதவைத் திறந்த கணமே அளவு தாவிவிடும், தண்ணீர் நிதானமாகக் காட்டும். 9 டிகிரி. கீழ்ப்பகுதி 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. தயிர் புளித்ததற்கும் மாவு பொங்கியதற்கும் காரணம் தெரிந்தது.

சரி, அந்த ஸ்விட்ச் எங்கே? பழைய ஃபிரிட்ஜில் கதவு விளிம்பு வந்து அமுக்குகிற மாதிரி ஒரு வெள்ளைப் பொத்தான் துருத்திக்கொண்டிருக்கும். இதில் அப்படி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. இப்போதைய பெட்டிகளில் பெரும்பாலும் கதவுக்குள் ஒரு காந்தமும், அதற்கு நேரே உடம்பின் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் ஒரு ரீட் ஸ்விட்சும் ஒளிந்திருக்கும். ரீட் ஸ்விட்ச் என்பது தீக்குச்சி அளவுள்ள ஒரு கண்ணாடிக் குழல். உள்ளே இரும்பு நிக்கல் கலந்த இரண்டு மெல்லிய தகடுகள், இடையே மயிரிழை இடைவெளி. காந்தம் கிட்டே வந்தால் தகடுகள் ஒன்றையொன்று இழுத்துத் தொட்டுக்கொள்ளும், விலகினால் பிரியும். 1936 வாக்கில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வால்ட்டர் எல்வுட் என்பவர் உருவாக்கியது. பிற்பாடு தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளில் ஏராளமாக இருந்த சரக்கு, இன்று நம் தயிருக்குக் காவல் இருக்கிறது.

ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்க ஒரு காந்தம் போதும். யாரோ சுற்றுலா போய்விட்டு வந்து கொடுத்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பொம்மைக் காந்தத்தையே எடுத்தேன். கீழ்க்கதவைத் திறந்து வைத்துவிட்டு, கதவு வந்து உட்காரும் சட்டத்தில் காந்தத்தை மெல்ல நகர்த்திக்கொண்டே போனேன். ஃப்ரீசருக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே இருக்கும் குறுக்குப் பட்டையில், கைப்பிடிப் பக்கம் வந்ததும் விளக்கு டப்பென்று அணைந்தது. ஃபேன் ஓடும் சத்தமும் கேட்டது. போர்டுக்கு ஒன்றும் இல்லை என்பது அந்த நிமிடமே முடிவாகிவிட்டது. ஸ்விட்ச் வேலை செய்கிறது, வயர் நன்றாக இருக்கிறது, போர்டு சொன்னதைக் கேட்கிறது. (உங்கள் பெட்டியில் ரீட் ஸ்விட்சுக்குப் பதில், காந்தத்தை உணரும் சின்னச் சில்லான ஹால் சென்சார் இருக்கலாம். காந்தத்தின் ஒரு முகத்துக்கு அசையாவிட்டால் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். சிலவற்றுக்கு வடக்கு, தெற்கு முக்கியம்.)

எங்கே வைத்தும் விளக்கு அணையாவிட்டால் கதை வேறு. அப்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்விட்ச் இருக்கும் மூடியைக் கழற்றி, மல்டிமீட்டரில் கன்டினியுட்டி, அதாவது ஸ்விட்ச் வழியாக மின்தொடர்பு இருக்கிறதா என்று, பார்க்க வேண்டும். காந்தம் கிட்டே வரும்போது நிலை மாற வேண்டும். மாறாவிட்டால் ஸ்விட்ச் போய்விட்டது. எலக்ட்ரானிக் சாமான்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவில் ரீட் ஸ்விட்ச் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அதன் கம்பிக் கால்களை வளைக்கும்போது மட்டும் கண்ணாடிக்குப் பக்கத்தில் இடுக்கியால் பிடித்துக்கொண்டு, அதற்கு அப்பால் வளைக்க வேண்டும். இல்லையென்றால் குழல் விரிசல் விட்டுவிடும். பழைய அமுக்குப் பொத்தான் வகையென்றால் இன்னும் ஜாக்கிரதை, அதில் நேரடியாக 230 வோல்ட் வந்துகொண்டிருக்கும்.

என் பெட்டியில் மிச்சமிருந்த புதிர், ஓங்கிச் சாத்தினால் மட்டும் ஏன் சரியாகிறது என்பது. ரீட் ஸ்விட்சுக்கு ஒரு குணம் உண்டு. தகடுகள் ஒட்டுவதற்குக் காந்தம் நன்றாகக் கிட்டே வரவேண்டும். ஒட்டிவிட்ட பிறகு காந்தம் சற்று விலகினாலும் விடாது. பொம்மைக் காந்தத்தை வைத்து ஸ்கேலோடு அளந்தேன். ஒட்டுவது சுமார் 12 மில்லிமீட்டரில், விடுவது 18-ஐத் தாண்டித்தான். இந்த இடைவெளிக்குள் கதவுக் காந்தம் மாட்டிக்கொண்டால் பிடித்தது சனி. ஓங்கிச் சாத்தும்போது கதவு விளிம்பைச் சுற்றியுள்ள ரப்பர் ஒரு கணம் அமுங்கி, காந்தம் கிட்டே போய் ஸ்விட்ச் ஒட்டிவிடும், பிறகு கதவு பழைய இடத்துக்கு வந்தாலும் பிடியை விடாது. மெதுவாகச் சாத்தினால் அந்த 12-ஐத் தொடவே தொடாது. எங்கள் வீட்டில் நான் சாத்தினால் கத்தாது, அம்மா சாத்தினால் கத்தும் என்ற வழக்குக்கு அப்போதுதான் தீர்ப்புக் கிடைத்தது. அம்மா எதையும் பதமாகச் சாத்துகிற ஆள்.

அடுத்து, கதவுக் காந்தம் ஏன் தள்ளிப் போனது? பெட்டிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்தால் கண்ணுக்கே தெரிகிறது. ஃப்ரீசர் கதவுக்கும் கீழ்க்கதவுக்கும் இடையே உள்ள சந்து கீல் பக்கம் 8 மில்லிமீட்டர், கைப்பிடிப் பக்கம் 13. கீழ்க்கதவு கைப்பிடிப் பக்கமாகத் தொங்கிவிட்டது. ரீட் ஸ்விட்சும் அந்தத் தொங்கிய பக்கத்தில்தான் இருக்கிறது. காரணம் கதவுத் தட்டிலேயே வரிசையாக நின்றது. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் மூன்று, அதுவே 6 கிலோ. அதோடு நெய், ஊறுகாய், சாஸ், பேரீச்சம்பழச் சிரப். கோடை முழுக்க நாளைக்கு ஐம்பது தடவை இந்தப் பாரத்தோடு கதவு ஆடியிருக்கிறது. கீழ்க்கீலின் முள் உட்காரும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் புஷ், அதாவது முள்ளைச் சுற்றி உட்காரும் சின்ன வளையம், உண்டு. அதைச் சுற்றி வெள்ளைப் பொடி உதிர்ந்து கிடந்தது. புஷ் தேய்ந்த மாவு.

ரப்பரையும் விட்டுவைக்கவில்லை. பத்து ரூபாய் நோட்டை விளிம்பில் வைத்துக் கதவை மூடி இழுத்தால், நல்ல ரப்பர் லேசாகப் பிடித்து இழுக்கும். சுற்றிலும் பிடித்தது, கைப்பிடிப் பக்க மேல் மூலையில் மட்டும் நோட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. இந்த ரப்பருக்குள் நீளமாக ஒரு காந்தப் பட்டை ஓடுகிறது, கதவை மூடிவைப்பதே அதுதான். முன்காலத்தில் ஃபிரிட்ஜ் கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் இருந்தது. ஒளிந்து விளையாடப் போன குழந்தைகள் உள்ளே மாட்டி மூச்சுமுட்டி இறந்த சம்பவங்களுக்குப் பிறகு, உள்ளிருந்து தள்ளினாலும் கதவு திறக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1956-இல் சட்டமே வந்தது. காந்த ரப்பர் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். பழைய பெட்டியைத் தெருவில் போடுகிறவர்கள் கதவைக் கழற்றிவிட்டுப் போட வேண்டும் என்று சொல்வதும் இதனால்தான்.

இனி வேலை. பிளக்கைப் பிடுங்கி, கதவுத் தட்டுகளைக் காலி செய்து, தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டேன். கதவைத் தனியாளாகக் கழற்றக் கூடாது. கடைசி போல்ட் வந்ததும் அது எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. கீழ்க்கதவை எடுக்க மேல்கதவும் இறங்கியாக வேண்டும். மேல்கீலின் பிளாஸ்டிக் மூடியை நெம்பி எடுத்தால் உள்ளே 10 நம்பர் ஸ்பானருக்கு ஏற்ற போல்ட்டுகள், பக்கத்தில் டிஸ்ப்ளேவுக்குப் போகும் வயரின் கனெக்டர். கனெக்டரை வயரைப் பிடித்து இழுக்காமல், நாக்கை அமுக்கிக் கழற்ற வேண்டும். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு கீலையும் போட்டோ எடுத்துக்கொண்டேன், கீலைச் சுற்றி பென்சிலால் கோடும் போட்டேன். ஃப்ரீசர் கதவைத் தூக்கிச் சுவரோரம் சாத்திவிட்டு, நடுக்கீலைக் கழற்றினால், கீழ்க்கதவு மேலே தூக்கினாலே கையோடு வந்துவிடுகிறது.

புஷ் ஒரு பக்கம் பாதி தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தது. என் மாடலுக்கு அச்சாக உள்ள புஷ் ஸ்பேர் கடையில் இல்லை. "அண்ணே, இதுக்குன்னு தனியா வராது, கதவோடதான் வரும்" என்றார் கடைக்காரத் தம்பி. ஹார்டுவேர் கடையில் நைலான் வாஷர் இருந்தது. முள்ளின் தடிமனுக்குப் பொருந்துகிற துளை, 2 மில்லிமீட்டர் கனம். இரும்பு வாஷர் போடலாமே என்று தோன்றும். போட்டால் கதவின் பிளாஸ்டிக்கை அது அறுத்துவிடும். பழைய புஷ்ஷின் தேயாத பக்கம் பாரம் தாங்கும்படி திருப்பிப் பொருத்தி, முள்ளில் வாஷரைப் போட்டு, மேலே கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவினேன். சமையல் எண்ணெய் வேண்டாம், பிசுக்காகித் தூசியைச் சேர்க்கும்.

திரும்ப மாட்டும்போது பொறுமை வேண்டிய இடம் நடுக்கீல். அதன் துளைகள் சற்று நீளமாக இருக்கும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இப்படி அப்படி நகர்த்தலாம். போல்ட்டை முழுதாக முறுக்காமல், தம்பி கைப்பிடிப் பக்கத்தைத் தாங்கிப் பிடிக்க, சந்து இரண்டு பக்கமும் 9 மில்லிமீட்டர் வருகிறதா என்று பார்த்துவிட்டு முறுக்கினேன். கூடவே முன்னங்கால் திருகுகளைக் கொஞ்சம் இறக்கி, பெட்டி மயிரளவு பின்னால் சாயும்படி வைத்தேன். பாதி திறந்த கதவைக் கைவிட்டால் தானாகப் போய் மூட வேண்டும், அதுதான் அளவு. மேல் மூலை ரப்பரை வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி, மெத்தென்று ஆனதும் வெளியே இழுத்துவிட்டு, கதவை மூடி டேப் ஒட்டி ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் நோட்டைப் பிடித்தது.

ஒரு எச்சரிக்கை. ஸ்விட்சை இடம் மாற்றிவைக்கலாம் என்று அந்தக் குறுக்குப் பட்டையிலோ விளிம்பிலோ டிரில் போட்டுவிடாதீர்கள். கதவு விளிம்பில் வியர்க்காமல் இருப்பதற்காக, கம்ப்ரஸரிலிருந்து வரும் சூடான குழாயை அந்தச் சட்டத்துக்குள்தான் சுற்றி விட்டிருப்பார்கள். தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது அதனால்தான், பழுது என்று பயப்பட வேண்டாம். அதில் ஓட்டை விழுந்தால் கேஸ் போச்சு. இப்போதைய பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஆர்-600ஏ என்ற ஐசோபியூட்டேன், சமையல் கேஸுக்குச் சொந்தக்காரன், தீப்பற்றும். பின்பக்க ஸ்டிக்கரில் என்ன கேஸ் என்று எழுதியிருக்கும்.

மறுபடி செல்போனை உள்ளே வைத்து, இந்த முறை அம்மாவையே சாத்தச் சொன்னேன். வழக்கம்போலப் பதமாகச் சாத்தினார். வீடியோ உடனே இருட்டானது, பீப் இல்லை. மறுநாள் டம்ளர் தண்ணீர் 4 டிகிரி காட்டியது. செலவு வாஷருக்கும் கிரீஸுக்கும் ஆனதுதான், நூறு ரூபாய்கூட இல்லை. தேய்ந்த புஷ்ஷுக்கு வாஷர் நிரந்தர மருந்தில்லை. பாரம் குறைந்தால் பல வருஷம் ஓடும், குறையாவிட்டால் மறுபடி தொங்கும்.

அதனால் பெரிய பாட்டில்களைக் கதவிலிருந்து எடுத்து உள்தட்டில் படுக்கவைத்தேன். மூடி கசிந்தால் கீரையெல்லாம் நனையும் என்று அம்மாவுக்கு அதில் சம்மதமில்லை. பேசி முடித்ததில், கதவில் ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு மட்டும், மீதித் தண்ணீருக்கு மண்பானை என்று ஒப்பந்தமாகியிருக்கிறது.